சிஸ்டம் ஸ்டேட் பக்கப் எந்த இடத்தில் நின்றது? அறிகுறியிலிருந்து பிழை பிடிக்கும் வழி

வின்டோஸ் சேர்வரின் சிஸ்டம் ஸ்டேட் பக்கப் பிழைத்துவிட்டது (சரிவராமல் நின்றுவிட்டது) என்றதும் கை நேரே எரர் நம்பரைத் தேடத்தான் போகும். நம்பர் தேவைதான். ஆனால் ஒரே நம்பருக்கு நாலைந்து காரணம் இருக்கும். ஒரே காரணம் நாலைந்து நம்பரில் முகம் காட்டும். அதைவிட உறுதியான தடயம், வேலை எந்தக் கட்டத்தில் நின்றது என்பது. கட்டம் தெரிந்தால் தேட வேண்டிய இடம் நாலில் ஒன்றாகச் சுருங்கிவிடும். கீழே உள்ள அறிகுறிகள் எல்லாம் அந்த ஒழுங்கில்தான் இருக்கின்றன.

கொமாண்ட்களும் ஃபைல் பெயர்களும் இங்கே உச்சரிப்புப்படி தமிழில் இருக்கின்றன. தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

சிஸ்டம் ஸ்டேட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை

றெஜிஸ்ட்ரி (வின்டோஸின் அமைப்புகள் பதிவாகும் இடம்), பூட் ஃபைல்கள், கொம் பிளஸ் பதிவுத் தளம், வின்டோஸ் தானே காவல் வைத்திருக்கும் சிஸ்டம் ஃபைல்கள், இவை எந்தச் சேர்வரிலும் உண்டு. டொமைன் கொன்ட்ரோலர் (அலுவலகத்தின் கணக்குகளையும் லொகினையும் நடத்தும் சேர்வர்) என்றால் அந்தக் கணக்குகள் இருக்கும் அக்டிவ் டிரெக்டரித் தளமும், டொமைன் கொன்ட்ரோலர்களுக்குப் பொதுவான சிஸ்வோல் என்ற போல்டரும் சேரும். சான்றிதழ் வழங்கும் சேர்வர் என்றால் அதன் தளமும் சேரும். 2008 முதலான பதிப்புகளில் சிஸ்டம் ஃபைல்கள் மொத்தமாக உள்ளே போவதால் பக்கப் பத்து ஜிபிக்கு மேலே போவது சாதாரணம். அளவைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கணக்குப் புத்தக டேட்டாபேஸ், பகிர்ந்த போல்டர்கள், ஸ்கான் செய்த கடிதங்கள் எதுவும் இதில் இல்லை. ஒரு சேர்வரே எல்லாமாக இருக்கும் சின்ன அலுவலகங்களிலும் ரியூட்டரிகளிலும் கிளினிக்குகளிலும் இதைத் தெரியாமல் இருப்பதுதான் மிகப் பெரிய ஆபத்து. பச்சை அடையாளத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்துவிட்டு, டிஸ்க் போன அன்று நோயாளர் பதிவைத் தேடினால் கிடைக்காது. தரவுக்குத் தனிப் பக்கப் வேண்டும்.

முதல் வேலை: கையால் ஓட்டிப் பாருங்கள்

அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கொமாண்ட் ப்ரொம்ப்டில்:

டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் சிஸ்டம்ஸ்டேட்பக்கப் -பக்கப்டார்கெட்:ஈ:

இப்போது திரையை விட்டு எழும்பாதீர்கள். வரிகள் இந்த ஒழுங்கில் வரும். முதலில் "வொல்யூம் விபரம் எடுக்கிறது". அடுத்தது எந்த வொல்யூமிலிருந்து (ட்ரைவிலிருந்து) எதற்குப் போகிறது என்று சொல்லி, தொடங்கவா என்று வை (ஆம்), என் (இல்லை) கேட்கும். பிறகு "ஷடோ கொப்பி உருவாக்குகிறது", அதாவது வொல்யூம் அந்தக் கணத்தில் இருந்தபடியே ஒரு பிரதி. பிறகு "சிஸ்டம் ஸ்டேட் ஃபைல்களை அடையாளம் காண்கிறது, சில நிமிடம் எடுக்கலாம்", கீழே கண்டுபிடித்த ஃபைல்களின் எண்ணிக்கை ஓடும். கடைசியில் "டாஸ்க் ஷெடியூலர் ரைட்டர் சொன்ன ஃபைல்கள் முடிந்தன", "சிஸ்டம் ரைட்டர் சொன்னவை இப்போது பக்கப் ஆகின்றன" என்று ரைட்டர் ரைட்டராக (தன் தன் பகுதியின் தரவைப் பக்கப்புக்குத் தயாராக்கும் வின்டோஸ் உறுப்புகள்) நகரும்; பக்கத்தில் வீதம் ஏறும்.

இலக்கு, ஷடோ கொப்பி, அடையாளம் காணல், எழுதுதல் என்று நாலு கட்டங்கள். கடைசியாக வந்த வரியை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இரவில் தானாக ஓடிப் பிழைத்தது என்றால் சி ட்ரைவில் வின்டோஸ், லொக்ஸ், வின்டோஸ்சேர்வர்பக்கப் என்ற போல்டருக்குள் அந்தந்த ஓட்டத்தின் லொக் ஃபைல் கிடக்கும். இவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் லொக்கில் 517 என்றால் பக்கப் பிழைத்தது. 521 என்றால் ஷடோ கொப்பிக் கட்டத்திலேயே பிழைத்தது. இந்த இரண்டு எண்ணும் மனதில் இருந்தால் பாதி வேலை மிச்சம்.

சேர்வரை ரீஸ்டார்ட் செய்வதை இதற்கு முதல் செய்யாதீர்கள். ரீஸ்டார்ட் செய்ததும் ரைட்டர்களின் நிலை அழிந்துபோகும். இன்று ஓடும், அடுத்த கிழமை திரும்ப நிற்கும், காரணம் மட்டும் தெரியாது.

அறிகுறி: தொடங்கினதுமே இலக்கை ஏற்க மறுக்கிறது

"இலக்கு ஒரு கிரிட்டிக்கல் வொல்யூம்" என்று வந்தால், எதைப் பக்கப் எடுக்கிறீர்களோ அதற்குள்ளேயே எழுதச் சொல்லியிருக்கிறீர்கள். சி ட்ரைவ் மட்டுமல்ல, சிஸ்வோலோ அக்டிவ் டிரெக்டரித் தளமோ டி ட்ரைவில் இருந்தால் அதுவும் கிரிட்டிக்கல்தான். இந்தத் தடையைத் தாண்ட றெஜிஸ்ட்ரியில் டபிள்யூபிஎன்ஜின் சேர்விசின் கீழ் சிஸ்டம்ஸ்டேட்பக்கப் என்று ஒரு சாவி உருவாக்கி, அலவ்எஸ்எஸ்பிடுஎனிவொல்யூம் என்ற டிவேர்ட் மதிப்பை 1 ஆக்கலாம். வேறு டிஸ்க் வரும்வரை ஒன்றிரண்டு நாளுக்கு மட்டும் அப்படிச் செய்யுங்கள். டிஸ்க் போனால் சேர்வரும் பக்கப்பும் ஒன்றாகப் போகும். டி ட்ரைவ் கிரிட்டிக்கல் இல்லாவிட்டாலும் சி இருக்கும் அதே டிஸ்க்கின் துண்டென்றால் நிலைமை அதேதான்.

பென் ட்ரைவை இந்தப் பக்கப் ஏற்காது. வெளி ஹார்ட் டிஸ்க் என்றாலும் என்டிஎஃப்எஸ் ஆக ஃபோர்மட் செய்திருக்க வேண்டும். கடையிலிருந்து பெட்டி உடைத்துக் கொண்டுவரும் டிஸ்க்குகள் பல எக்ஸ்ஃபாட்டில்தான் வருகின்றன; பூட்டுவதற்கு முதல் ப்ரொப்பர்டீஸைத் திறந்து பாருங்கள்.

நேற்று ஓடியது, இன்று "ஈ ட்ரைவ் இல்லை" என்கிறதா? யாரோ ஒரு பென் ட்ரைவைச் செருகியிருப்பார்கள், எழுத்து மாறியிருக்கும். பக்கப் டிஸ்க்குக்கு டிஸ்க் மனேஜ்மென்டில் பின்வரிசை எழுத்தொன்றைக் கொடுங்கள், டபிள்யூ போல. அதைவிட உறுதியானது எழுத்தையே விட்டுவிடுவது. மவுண்ட்வொல் என்று தட்டினால் ஒவ்வொரு வொல்யூமின் நீண்ட அடையாளமும் வரும். அதை அப்படியே பக்கப்டார்கெட்டில் போடலாம். எழுத்து மாறினாலும் பக்கப் தவறாது.

இலக்கு நெட்வொர்க் ஷெயார் என்றால் ஒரு விசயத்தை வடிவாகக் கவனியுங்கள். ஷெயாரில் ஒரு சேர்வருக்கு ஒரு பக்கப்தான் நிற்கும். அடுத்தது முன்னதன் மேலேயே எழுதும். எழுதும் பாதியில் நின்றால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை. ஆகவே கிழமைக்கு ஏழு போல்டர், திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒவ்வொரு நாளுக்கும் ஒரு பாதை. இடம் ஏழு மடங்கு பிடிக்கும். பிடித்துவிட்டுப் போகட்டும்.

அறிகுறி: ஷடோ கொப்பி உருவாக்கும்போது "இடம் போதாது", 80780119

சி ட்ரைவில் 200 ஜிபி காலியாக இருக்கும்போதும் இது வரும். பார்க்க வேண்டியது சி அல்ல. வின்டோஸ் நிறுவும்போது முன்னால் ஒதுக்கிய சின்னப் பார்ட்டிஷன்: 2008 ஆர்2இல் 100 எம்பி, 2012இல் 350 எம்பி. அதற்கும் ஷடோ கொப்பி எடுக்க வேண்டும். விதி இதுதான்: 500 எம்பிக்குக் குறைந்த வொல்யூமில் குறைந்தது 50 எம்பி காலியாக இருக்க வேண்டும், அதற்கு மேற்பட்டதில் 320 எம்பி. 520 எம்பி பார்ட்டிஷன் ஒன்றில் 200 எம்பி காலியாக இருந்தும் பிழைப்பது இதனால்தான். 500ஐத் தாண்டியதும் தேவை ஆறு மடங்குக்கு மேல் பாய்ந்துவிடுகிறது.

திருத்த இரண்டு வழி. அந்தப் பார்ட்டிஷனுக்குத் தற்காலிகமாக எக்ஸ் என்று எழுத்துக் கொடுத்து, அதன் மாற்றப் பதிவேடு இடம் பிடித்திருந்தால் அழியுங்கள்: எஃப்எஸ்யூடில் யூஎஸ்என் டிலீட்ஜேர்னல் /டி எக்ஸ்:. சில வேளை இதிலேயே போதிய இடம் கிடைத்துவிடும். கிடைக்காவிட்டால், ஷடோ கொப்பியின் சேமிப்பிடத்தை சி ட்ரைவுக்குத் திருப்புங்கள்: விஎஸ்எஸ்அட்மின் அட் ஷடோஸ்டோரேஜ் /ஃபோர்=எக்ஸ்: /ஒன்=சி: /மக்ஸ்சைஸ்=500எம்பி. பார்ட்டிஷனை வெட்டி ஒட்டி நீட்டும் மென்பொருட்களை, ஒரு பக்கப்பும் கையில் இல்லாத நேரத்தில் தொடாதீர்கள். வேலை முடிந்ததும் எக்ஸ் என்ற எழுத்தை எடுத்துவிடுங்கள். கண்ணில் பட்டால் யாராவது உள்ளே எதையாவது கொண்டுபோய் வைப்பார்கள்.

அறிகுறி: 521 வருகிறது, இடப் பிரச்சினை இல்லை

விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ரைட்டர்ஸ்.

இந்தக் கொமாண்டின் விடையை வாசிக்கப் பழகினால் போதும், பக்கப் பிழைகளில் பெரும்பங்கு உங்கள் கைக்குள் வந்துவிடும். ஒவ்வொரு ரைட்டருக்கும் ஸ்டேட் என்றொரு வரி, லாஸ்ட் எரர் என்றொரு வரி. "[1] ஸ்டேபிள், நோ எரர்" என்றால் சுகம். பக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போது "[5] வெயிட்டிங் ஃபோர் கொம்ப்ளீஷன்" என்று இருப்பதும் சரி. "ஃபெயில்ட்" என்று இருந்து, கீழே "டைம்ட் அவுட்" அல்லது "நொன்-ரீட்ரையபிள் எரர்" என்று இருந்தால் அதுதான் ஆள். 800423எஃப்4 என்ற நம்பர் சொல்வதும் இந்த நொன்-ரீட்ரையபிளைத்தான். பெயர் சொல்லாமல் நம்பர் மட்டும் சொல்லும்; பெயர் இந்தப் பட்டியலில்தான் இருக்கிறது.

ரைட்டரை நேரே ரீஸ்டார்ட் செய்ய முடியாது, அதை ஏற்றி நடத்தும் சேர்விஸை ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். சிஸ்டம் ரைட்டருக்கு கிரிப்டோகிராஃபிக் சேர்விசஸ். டபிள்யூஎம்ஐ ரைட்டருக்கு வின்டோஸ் மனேஜ்மென்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன். ஐஐஎஸ் கொன்ஃபிக் ரைட்டருக்கு அப்ளிகேஷன் ஹோஸ்ட் ஹெல்பர். எஸ்கியூஎல் சேர்வர் ரைட்டருக்கு எஸ்கியூஎல் விஎஸ்எஸ் ரைட்டர் சேர்விஸ்; முழு எஸ்கியூஎல் சேர்வரையும் நிறுத்தத் தேவையில்லை. டிஎச்சிபி ஜெட் ரைட்டருக்கு டிஎச்சிபி சேர்வர். றெஜிஸ்ட்ரி ரைட்டர், கொம் பிளஸ் ரைட்டர், ஏஎஸ்ஆர் ரைட்டர் மூன்றும் வொல்யூம் ஷடோ கொப்பி சேர்விசுக்குள்ளேயே இருப்பவை. என்டிடிஎஸ் ரைட்டர் என்றால் அக்டிவ் டிரெக்டரி டொமைன் சேர்விசஸ். இதை மட்டும் காலமை எட்டரைக்குச் செய்யாதீர்கள்: கூடவே டிஎன்எஸ்சும், லொகினைச் சரிபார்க்கும் கேர்பரோஸும் நின்று, ஒருவருக்கும் லொகின் போகாது. பின்னேரம் அலுவலகம் மூடிய பிறகு செய்யுங்கள்.

டைம்ட் அவுட் ஏன் வருகிறது? ஷடோ கொப்பி எடுக்கும் கணத்தில் ரைட்டர்கள் தங்கள் தரவை அசையாமல் பிடித்து வைக்க வேண்டும். அப்படிப் பிடித்து நிற்க ஒரு ரைட்டருக்கு 60 வினாடி; ஃபைல் சிஸ்டம் எழுத்தை நிறுத்தி நிற்க 10 வினாடிதான். டிஸ்க் அந்த நேரம் வேறு வேலையில் மூச்சுத் திணறினால் 10 வினாடி கடந்துவிடும். இரவு பத்து மணிக்கு அன்டிவைரஸ் முழு ஸ்கான், பத்து மணிக்கு டேட்டாபேஸ் பக்கப், பத்து மணிக்கு சிஸ்டம் ஸ்டேட் என்று மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருக்கும் இடங்களில் இதுதான் நடக்கிறது. ஒன்றரை மணித்தியாலம் தள்ளித் தள்ளி வையுங்கள். வேறு பக்கப் மென்பொருள் ஏதும் முன்பு நிறுவி விட்டுப்போயிருக்கிறதா என்று விஎஸ்எஸ்அட்மின் லிஸ்ட் ப்ரொவைடர்ஸ் மூலமும் பாருங்கள். மைக்ரோசொஃப்ட் பெயர் இல்லாத ப்ரொவைடர் (ஷடோ கொப்பியை உருவாக்கும் உறுப்பு) இருந்து, அதன் மென்பொருளை நீங்கள் இப்போது பயன்படுத்தவில்லை என்றால், அந்த மென்பொருளையே கழற்றிவிடுங்கள்.

ரைட்டர்கள் எல்லாம் நலம், ஆனால் அப்ளிகேஷன் லொக்கில் விஎஸ்எஸ் 8193 இருக்கிறது என்றால் விபரத்தை முழுக்க வாசியுங்கள். அக்செஸ் டினைட், 80070005 என்று சொல்லி விஎஸ்எஸ் சேர்விசின் கீழுள்ள டயக் சாவியைக் காட்டினால், டிஎச்சிபி ரோல் நிறுவியபோது அந்தச் சாவியின் அனுமதி மாறியிருக்கும். நெட்வொர்க் சேர்விஸ் என்ற கணக்குக்கு ஃபுல் கொன்ட்ரோலைத் திருப்பிக் கொடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு நீண்ட எஸ்ஐடி (கணக்கின் அடையாள எண்) வந்து அதன் கடைசியில் டொட் பிஏகே என்று ஒட்டியிருந்தால், யாரோ ஒருவரின் யூசர் ப்ரொஃபைல் முன்பு கெட்டுப்போய் றெஜிஸ்ட்ரியின் ப்ரொஃபைல்லிஸ்டில் எச்சம் விட்டிருக்கிறது. அந்தச் சாவியை முதலில் எக்ஸ்போர்ட் செய்து வைத்துவிட்டு நீக்குங்கள்.

அறிகுறி: அடையாளம் காணும்போது நிற்கிறது, "ஃபைல் பெயர் அல்லது போல்டர் பெயர் தவறு", 8007007பி

இதுதான் பலரை நாட்கணக்கில் அலைக்கழிக்கும் பிழை. ரைட்டர் எல்லாம் ஸ்டேபிள், இடம் இருக்கிறது, டிஸ்க் புதிது, ஆனாலும் ஒவ்வொரு இரவும் நிற்கும். சேர்வரையே திரும்ப நிறுவியவர்களும் உண்டு. அவ்வளவு தூரம் போகவே தேவையில்லை.

நடப்பது இதுதான். சிஸ்டம் ரைட்டர், நிறுவியிருக்கும் சேர்விஸ்கள், ட்ரைவர்கள் ஒவ்வொன்றின் ஃபைல் பாதையையும் றெஜிஸ்ட்ரியிலிருந்து எடுத்து பக்கப்புக்குப் பட்டியல் கொடுக்கிறது. அதில் ஒரே ஒரு பாதை கோணலாக எழுதப்பட்டிருந்தாலும் பட்டியல் முழுவதுமே தள்ளுபடி. அந்த ட்ரைவர் ஓடுகிறதா இல்லையா என்பது பொருட்டல்ல. கழற்றிய பிரின்டர் மென்பொருளின் எச்சமே போதும்.

எது என்று கண்டுபிடிக்க:

டிஸ்க்ஷடோ /எல் சி:\ரைட்டர்ஸ்.டிஎக்ஸ்டி

உள்ளே போனதும்: லிஸ்ட் ரைட்டர்ஸ் டீடெயில்ட். சில நிமிடம் திரை முழுக்க எழுத்து ஓடும். ஓடி முடிந்ததும் எக்ஸிட். அந்த ஃபைலை நோட்பேட்டில் திறந்து, வின்டோஸ் என்ற சொல்லுக்குப் பின் இரண்டு சாய்கோடு சேர்ந்து வரும் இடத்தைத் தேடுங்கள். நல்ல வரி "சி:\வின்டோஸ்\சிஸ்டம்32\ட்ரைவர்ஸ்" என்று ஓடும். கெட்ட வரி "சி:\வின்டோஸ்\\சிஸ்டம்ரூட்\சிஸ்டம்32\ட்ரைவர்ஸ்" என்று இருக்கும். பக்கத்தில் ஃபைலின் பெயரும் நிற்கும். ஆயிரக்கணக்கான வரிகளுக்குள் அந்த இரட்டைச் சாய்கோடு ஒரே ஒரு இடத்தில் மட்டும் இருக்கலாம். நோட்பேட்டின் தேடலை நம்புங்கள், கண்ணை நம்பாதீர்கள்.

மெய்நிகர் சேர்வர்களில் இங்கே அடிக்கடி அகப்படுவது விசொக் என்ற ட்ரைவர். மெய்நிகர் இயந்திரத்துக்கான உதவி மென்பொருளோடு வந்து உட்காருவது. றெஜிஸ்ட்ரியில் சிஸ்டம், கரன்ட்கொன்ட்ரோல்செட், சேர்விசஸ் என்று போய் அந்த ட்ரைவரின் சாவியைத் திறந்து, இமேஜ்பாத் மதிப்பைப் பாருங்கள். சிஸ்டம்ரூட் என்று தொடங்கினால் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு சிஸ்டம்32இலிருந்து தொடங்கும்படி மாற்றுங்கள். தொடுவதற்கு முதல் சாவியை எக்ஸ்போர்ட் செய்யுங்கள். ரீஸ்டார்ட் இல்லாமலே அடுத்த ஓட்டத்தில் தெரியும்.

அறிகுறி: சிஸ்டம் ரைட்டர் பட்டியலிலேயே இல்லை

கிரிப்டோகிராஃபிக் சேர்விசஸை ரீஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் பொறுத்து மீண்டும் பட்டியல் எடுங்கள். வந்தால் சரி. வராவிட்டால் அப்ளிகேஷன் லொக்கில் கப்பி2 என்ற மூலத்திலிருந்து வரும் 513ஐப் பாருங்கள். எந்தப் பாதையில் தடக்கியது என்று அதன் விபரம் சொல்லும். வெப் சேர்வராகவும் வேலை செய்யும் பெட்டியில், டொட்நெட் போல்டருக்குள் டெம்பரரி ஏஎஸ்பி டொட்நெட் ஃபைல்ஸ் என்ற இடம் போல்டர் மேல் போல்டராகப் பெருகி ரைட்டரைத் திணறடிக்கும். ஐஐஎஸ்ஸை நிறுத்தி, அதன் உள்ளடக்கத்தைக் காலி செய்தால் அடுத்த முறை வெப் தானே உருவாக்கிக்கொள்ளும்.

ஒரு 513 மட்டும் விதிவிலக்கு. மைக்ரோசொஃப்ட் லிங்க்-லேயர் டிஸ்கவரி ப்ரொட்டகோல் என்று பெயர் சொல்லி அக்செஸ் டினைட் என்று முடியும். பக்கப் வெற்றியாக முடிந்த நாட்களிலும் அது லொக்கில் இருக்கும். அதன் பின்னால் ஓடி நேரத்தை வீணாக்காதீர்கள்.

அறிகுறி: வீதம் ஏறிக்கொண்டிருந்தது, இடையில் அறுந்தது

இதற்கு முதல் மூன்று கட்டமும் சரி, எழுதும் டிஸ்க்கில்தான் குறை. சிஸ்டம் லொக்கில் டிஸ்க் என்ற மூலத்தைப் பாருங்கள். 7 என்றால் கெட்ட பகுதி. அந்த டிஸ்க்கை நம்பி இனி ஒன்றும் வைக்காதீர்கள். 153 என்றால் வாசிப்பு எழுத்து திரும்பத் திரும்ப முயன்றிருக்கிறது. முதலில் கேபிளை மாற்றுங்கள். 157 என்றால் டிஸ்க் எதிர்பாராமல் கழன்றிருக்கிறது.

இந்த 157க்கு யாழ்ப்பாணத்தில் முதலில் பார்க்க வேண்டிய இடம் சுவர் பிளக். சேர்வர் யூபிஎஸ்ஸில் இருக்கும். பக்கப் டிஸ்க் தனி 12 வோல்ட் அடப்டரில் ஓடும் பெரிய டிஸ்க்காக இருக்கும், அந்த அடப்டர் நேரே சுவரில் செருகியிருக்கும். மாரி மழைக்கு இடி முழங்கி மின்சாரம் ஒரு கணம் கண்ணைச் சிமிட்டினால் சேர்வருக்குத் தெரியவே தெரியாது. டிஸ்க் மட்டும் செத்துப் பிழைக்கும். பக்கப் அந்த இடத்தில் அறும். அடப்டரையும் யூபிஎஸ்ஸில் செருகுங்கள். அதிலும் பற்றரி தாங்கும் துளையில். சில யூபிஎஸ்களில் பாதித் துளைகள் மின்னல் தடுப்புக்கு மட்டும்தான், மின்சாரம் போனால் அவையும் போகும். மின்சாரம் இருக்கும்போது யூபிஎஸ்ஸின் சுவர் வயரை ஒருமுறை கழற்றிப் பார்த்தால் எந்தத் துளை எதுவென்று தெரிந்துவிடும். ஷெயாருக்கு எழுதுகிறீர்கள் என்றால் நடுவிலுள்ள நெட்வொர்க் சுவிட்சுக்கும் இதே கதைதான்.

சின்ன 2.5 அங்குல டிஸ்க் என்றால் முன்பக்கத்து யூஎஸ்பியில் செருகாதீர்கள், பின்னால் மதர்போர்டில் நேரே உள்ளதில் செருகுங்கள். பவர் ஒப்ஷனில் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்துங்கள்.

2008 ஆர்2 இன்னும் ஓடும் இடத்தில் புதிதாக வாங்கிய பெரிய டிஸ்க் 8078002ஏ என்று மறுத்தால் டிஸ்க் பழுதில்லை. அந்தப் பதிப்பு விஎச்டி வடிவில் எழுதுகிறது; செக்டர் 4096 பைட்டாக இருக்கும் டிஸ்க்கை அது தாங்காது. எஃப்எஸ்யூடில் எஃப்எஸ்இன்ஃபோ என்டிஎஃப்எஸ்இன்ஃபோ டபிள்யூ: என்று தட்டி, செக்டர் அளவு 512 என்று இருக்கும் டிஸ்க்கைத் தேர்ந்தெடுங்கள். 2012 முதல் விஎச்டிஎக்ஸ் வந்ததால் இந்தத் தொல்லை இல்லை.

டிஸ்க் நிரம்பித்தான் அறுந்தது என்றால்: டபிள்யூபிஅட்மின் டிலீட் சிஸ்டம்ஸ்டேட்பக்கப் -பக்கப்டார்கெட்:டபிள்யூ: -கீப்வேர்ஷன்ஸ்:7. கடைசி ஏழு நிற்கும், மற்றவை போகும். எக்ஸ்புளோரரில் போய் போல்டர்களைக் கையால் அழித்தால் பட்டியல் குழம்பிவிடும்.

அறிகுறி: கையால் ஓடுகிறது, இரவில் ஓடுவதில்லை

நீங்களே டாஸ்க் ஷெடியூலரில் வைத்த வேலை என்றால், கொமாண்டின் முடிவில் -குவயட் இருக்கிறதா? இல்லாவிட்டால் வை, என் கேள்வியில் விடியவிடியக் காத்திருக்கும். "அதிகபட்ச உரிமையுடன் ஓட்டு" குறித்திருக்கிறதா? வேலையை ஓட்டும் கணக்கு சிஸ்டமா, ஒருவரின் சொந்தக் கணக்கா? சொந்தக் கணக்கென்றால் அவர் பாஸ்வேர்ட் மாற்றிய நாளில் பக்கப் நின்றிருக்கும்.

மின்வெட்டு அட்டவணை வந்துவிட்டால் நேரத்தை மாற்றுங்கள். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டிய காலத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். "தவறிய வேலையை இயன்ற விரைவில் தொடங்கு" என்ற பெட்டியையும் குறித்து வையுங்கள்.

அடிக்கடி மின்சாரம் அறுந்து நிற்கும் பழைய சேர்வரில், மதர்போர்டின் சிஆர்2032 பற்றரி செத்திருந்தால் ஒவ்வொரு முறையும் திகதி பின்னால் ஓடும். திகதி பிழைத்தால் ஷெடியூல் பிழைக்கும். நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேல் விலகினால் கேர்பரோஸ் மறுத்து, நெட்வொர்க் ஷெயாரும் கதவடைக்கும். பற்றரி ஒன்றின் விலை பெரிதில்லை, மாற்றிவிடுங்கள்.

அறிகுறி: பக்கப் எல்லாம் வெற்றி, மீட்கும்போது பதிப்பைக் காணோம்

டபிள்யூபிஅட்மின் கெட் வேர்ஷன்ஸ் -பக்கப்டார்கெட்:டபிள்யூ: என்று கேளுங்கள். ஒன்றுமே வராவிட்டால், வின்டோஸ்இமேஜ்பக்கப் என்ற போல்டர் டிஸ்க்கின் அடிமட்டத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். யாராவது அதை "பழையது" என்ற போல்டருக்குள் ஒதுக்கி வைத்திருந்தால் வின்டோஸ் கண்டுபிடிக்காது. திரும்ப வெளியே எடுத்து வையுங்கள், பெயரையும் மாற்றாதீர்கள்.

பட்டியல் வருகிறது, ஆனால் நீங்கள் கொடுக்கும் பதிப்பு இல்லை என்கிறது என்றால், பக்கப் நேரம் ஒரு வரியிலும் வேர்ஷன் ஐடென்டிஃபயர் வேறொரு வரியிலும் இருப்பதைக் கவனியுங்கள். முதலாவது இலங்கை நேரம். இரண்டாவது கிரீன்விச் நேரம், ஐந்தரை மணித்தியாலம் பின்னால். மேலும் அதில் மாதம் முதலில், நாள் பிறகு. 2024 ஓகஸ்ட் 15 அதிகாலை 2 மணிக்கு எடுத்த பக்கப், 08/14/2024-20:30 என்று நிற்கும். நாளே முந்தியதாகிவிடும். அவசரத்தில் இருப்பவர் 15ஆம் திகதியைத் தேடிக் கைவிடுவது இதனால்தான். ஐடென்டிஃபயரைத் தட்டாதீர்கள், பட்டியலிலிருந்து அப்படியே கொப்பி செய்து ஒட்டுங்கள்.

டொமைன் கொன்ட்ரோலர் என்றால் மீட்பு டிஎஸ்ஆர்எம் என்ற தனி நிலையில்தான் நடக்கும். அதற்கான பாஸ்வேர்ட் டொமைன் அட்மினின் பாஸ்வேர்ட் அல்ல. சேர்வரை டொமைன் கொன்ட்ரோலர் ஆக்கிய அன்று தட்டியது. யாருக்கும் நினைவிராது. சேர்வர் சுகமாக இருக்கும் இன்றைக்கே மாற்றுங்கள்: என்டிடிஎஸ்யூடில், செட் டிஎஸ்ஆர்எம் பாஸ்வேர்ட், ரீசெட் பாஸ்வேர்ட் ஒன் சேர்வர் நல். புதியதை எழுதி உறையிலிட்டு, பக்கப் டிஸ்க்கோடு சேர்க்காமல், வேறு இடத்தில் வையுங்கள்.

பக்கப்பின் வயதும் முக்கியம். அழித்த பொருட்களின் தடத்தை அக்டிவ் டிரெக்டரி வைத்திருக்கும் காலம் 2003 எஸ்பி1க்குப் பின் உருவான ஃபொரெஸ்டுகளில் (டொமைன்களின் தொகுதிகளில்) 180 நாள், அதற்கு முந்தியவற்றில் 60 நாள். அதைவிடப் பழைய சிஸ்டம் ஸ்டேட், டிரெக்டரியை மீட்க உதவாது.

சிஸ்டம் ஸ்டேட்டை மீட்க ஓடும் வின்டோஸ் ஒன்று தேவை. டிஸ்க் முழுதாகப் போனால் கையில் வேண்டியது -ஓல்கிரிட்டிக்கல் போட்டு எடுத்த முழுப் பக்கப். கிழமைக்கு ஒருமுறையாவது அதையும் எடுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அதை ஒரு மெய்நிகர் இயந்திரத்தில் மீட்டுப் பாருங்கள். அந்த இயந்திரத்தின் நெட்வொர்க்கைக் கழற்றிவிட்டுத்தான் ஓன் செய்ய வேண்டும். ஒரே டொமைன் கொன்ட்ரோலர் இரண்டு உருவில் ஒரே வலையில் எழும்பினால் உயிரோடு இருப்பதும் கெடும்.

டிஎஸ்ஆர்எம்முக்குள் போக: பிசிடிஎடிட் /செட் சேஃப்பூட் டிஎஸ்ரிப்பெயார், பிறகு ரீஸ்டார்ட். மீட்க: டபிள்யூபிஅட்மின் ஸ்டார்ட் சிஸ்டம்ஸ்டேட்ரிக்கவரி -வேர்ஷன்: என்று தட்டி ஐடென்டிஃபயரை ஒட்டி, அதன் பின் -பக்கப்டார்கெட்:டபிள்யூ:. டொமைனில் வேறு டொமைன் கொன்ட்ரோலரே இல்லையென்றால் -ஓத்சிஸ்வோலையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் சிஸ்வோல் யாரிடமிருந்தோ கொப்பி வரும் என்று காத்துக்கொண்டே இருக்கும். முடிந்ததும் பிசிடிஎடிட் /டிலீட்வல்யூ சேஃப்பூட் என்று தட்டுங்கள். தட்டாமல் விட்டால் எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் சேர்வர் திரும்பத் திரும்ப டிஎஸ்ஆர்எம்முக்குள்ளேயே எழும்பும். மீட்பு பிழைத்துவிட்டது என்று நினைத்து, நன்றாக மீண்ட சேர்வரை மறுபடி அழிக்க வேண்டாம்.